பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்!

(மூன்றாமாண்டு, சிவில் பிரிவு)



"உங்க அப்பா என்ன பண்றார்?" என்று முதலாண்டில் கேட்டவர்களிடம் "மர பிசினஸ்" என்று சொன்னவன் நான். உண்மையில் என் அப்பா தச்சு வேலை செய்பவர். அவருடைய பிசினஸ் முழுவதும் ஒரு சாக்குப் பையில் அடங்கிவிடும். உளி, இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்படிப் பொய் சொன்னதற்கு இன்று வெட்கப்படுகிறேன். ஆனால் இந்தக் கட்டுரை என் வெட்கத்தைப் பற்றியது அல்ல, அப்பாவின் கூலியைப் பற்றியது.

போன செமஸ்டர் லீவில் ஸ்ரீரங்கத்தில் ஒரு பழைய வீட்டு வேலைக்கு அப்பாவோடு போனேன். திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று நீளமாகப் போகும் வீடு. மேலே மெட்ராஸ் டெரஸ். அதாவது தேக்கு உத்திரம், அதன்மேல் குறுக்குக் கட்டைகள், அதற்கும் மேலே சுண்ணாம்புச் சாந்தில் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிய தளம். கதவு ஜன்னல்களைச் சரிசெய்து, கறையான் அரித்த ஒரு குறுக்குக் கட்டையையும் மாற்ற வேண்டும். அப்பாவுக்கு நாளைக்கு 1,200, உதவியாளுக்கு 800, மொத்தம் 9 நாள். ஆக 18,000 ரூபாய் என்று பேசி முடித்தார்கள். மரமும் சாமானும் வீட்டுக்காரர் பொறுப்பு.

நாலாம் நாள் கட்டையைக் கழற்றக் காரையைக் கொத்தியபோதுதான் வினை வெளியே வந்தது. உத்திரத்தில், சுவருக்குள் புதைந்திருந்த முனை பொடிப்பொடியாக உதிர்ந்தது! வெளியே தெரிந்த பாகமோ பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. சுவரின் ஈரத்தை மரத்தின் வெட்டுமுகம் உறிஞ்சும். உள்ளே காற்றும் படாது. அதனால் உத்திரம் முதலில் உளுப்பது அங்கேதான். மரத்தைக் கொட்டிப் பார்த்தே உள்ளே பொக்கா இல்லையா என்று சொல்லிவிடுவார் அப்பா. சுவருக்குள் இருப்பதை எப்படிக் கொட்டுவது?

"கட்டைய மட்டும் மாத்திட்டு மூடிரலாமேப்பா" என்றேன்.

அப்பா முறைத்தார். "நாளைக்குத் தளம் யார் தலையிலயாவது விழுந்தா, நீயாடா பதில் சொல்லுவ?"

சவுக்குக் கழியால் தளத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள். உளுத்த முனையை வெட்டியெடுத்தார்கள். புதுத் தேக்குத் துண்டைப் பொருத்தி, இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் முடுக்கினார்கள். வேலை 14 நாள் ஆனது.

வீட்டுக்காரர் கெட்டவர் அல்ல. தினமும் காபி கொடுத்தார். மரத்துக்கும் இரும்புக்கும் கேட்டதைக் கொடுத்தார். கூலி என்று வந்தபோது மட்டும், "பேசினது பேசினதுதானே ஆசாரி? எனக்கும் பென்ஷன் பணம்தான்" என்றார். அப்பா "சரிங்க சார்" என்று வாங்கிக்கொண்டார். உதவியாளுக்கு 14 நாளைக்கு 11,200 போக மீதி 6,800. நாளைக்கு 500 ரூபாய்கூட இல்லை. உதவியாளைவிடக் குறைவு! அந்த மாதம் என் ஃபீஸை வட்டிக்கு வாங்கித்தான் கட்டினோம்.

நண்பர்களே, எஸ்டிமேட்டிங் வகுப்பில் "புரொவிஷனல் சம்" என்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எஸ்டிமேட் போடும்போது விவரம் தெரியாத வேலைக்கு ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி வைப்பது. பிறகு நடந்த வேலைக்குத் தக்கபடி கணக்கு முடிப்பது. இரண்டு மார்க் கேள்வி என்று மனப்பாடம் செய்தோம். பெரிய கான்ட்ராக்டருக்கு உள்ள இந்தப் பாதுகாப்பு ஒரு தச்சருக்கு ஏன் இல்லை?

2022 செப்டம்பரில் நம் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடினார்கள். 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். பழைய பாலம், நாளாகும் என்று ஊரே சுற்றிக்கொண்டு போனது. பழைய வீட்டுக்கு மட்டும் அந்த நியாயம் கிடையாதா?

"நாள் கூலி என்றால் வேலையை இழுப்பார்களே" என்பீர்கள். உண்மை, சிலர் இழுப்பார்கள். அதனால்தான் வேலையை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியும் வேலைக்கு மொத்தக் கூலி. பிரித்த பிறகு தெரியவரும் வேலைக்கு, வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, இத்தனை நாள் என்று பேசி நாள் கூலி. இரண்டையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்காரருக்கும் இது நல்லதுதான். நட்டத்துக்குப் பயந்து உளுத்த முனையைக் காரை பூசி மறைத்துவிட்டுப் போக எந்தத் தச்சருக்கும் அவசியம் இருக்காது.

1994-இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் தச்சர்களும் பதிந்துகொள்ளலாம். விபத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் அங்கே உதவி உண்டு. ஆனால் பேசியதற்கு மேல் செய்த வேலைக்குக் கூலி வாங்கித் தருவது அதன் வேலை அல்ல.

அப்படி ஒரு தாளை நானே எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இதக் காட்டினா வேற ஆளப் பாத்துக்குவாங்கடா" என்றார். அவர் பயம் நியாயமானது. ஒருத்தர் மட்டும் கேட்டால் வேலை போகும். நாளை சைட்டில் சூப்பர்வைசராக நிற்கப்போகும் நாம் அந்தத் தாளை எழுதினால்?

அடுத்த வருடம் டிப்ளமோ வாங்கி வெளியே போகிறோம். பழைய வீட்டு வேலை ஒன்று நம் கைக்கு வந்தால், எஸ்டிமேட்டில் இந்த ஒரு வரியைச் சேர்ப்போம்: "பிரித்த பின் தெரியும் வேலைக்குத் தனிக் கூலி."

செய்வோமா நண்பர்களே?