பீங்கான் உடையாதோ, தம்பி?



எங்கள் குடியிருப்பில் உள்ள ஓர் ஆச்சிக்கு இடுப்பு மூட்டு மாற்றும் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். வைத்தியர் சொன்னதை மொழிபெயர்த்தது பன்னிரண்டு வயதுப் பேத்தி. "பீங்கான் வைக்கப் போகினமாம்" என்று சொல்லிவிட்டாள்.

"கோப்பை மாதிரி உடைஞ்சு போகாதோ, தம்பி? நான் இப்பிடியே நொண்டிக்கொண்டு இருக்கிறன்" என்று ஆச்சி என்னிடம் வந்து அழுதார்.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆனால் ஏழு வருடமாக ரைட்டேனியம் கடையும் மெசினில் நிற்கிறேன். தெரிந்ததைச் சொன்னேன்.

தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு ரைட்டேனியக் கலப்புலோகம். அதில் நூற்றுக்கு 6 பங்கு அலுமினியம், 4 பங்கு வனேடியம். ஒரு கன சென்ரிமீற்றர் உருக்கு ஏறக்குறைய 7.8 கிராம், இது 4.4 கிராம்தான். உருக்கைவிடச் சற்று வளைந்து கொடுப்பதால் எலும்போடு ஒத்துப்போகும். எலும்பும் அதைப் பற்றி வளரும். குறை ஒன்று உண்டு: உராய்ந்தால் சுரண்டுப்பட்டுத் தேயும்.

தண்டின் தலையில் பூட்டும் குண்டுதான் பீங்கான். இது தேநீர்க் கோப்பைப் பீங்கான் அல்ல. அலுமினிய ஒட்சைட்டுத் தூளை அழுத்தி, 1,400 பாகைக்கு மேல் சுட்டு, வைரத்தூளால் மினுக்கியது. கடினத்தில் அந்த ரைட்டேனியத்தைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. தேய்வு மிகக் குறைவு. ஆனால் வளையத் தெரியாது. உடைந்தால் ஒரேயடியாக உடையும். பிரான்ஸில் 1970 இல் பியர் பூட்டன் என்ற வைத்தியர் இதை இடுப்பில் வைத்தார். ஆரம்ப காலத்தில் உடைந்தவை கூட. இப்போது சேர்க்கோனியம் ஒட்சைட்டும் கலந்து செய்வதால் உடைவது மிக அரிது. அறவே உடையாது என்று ஆச்சிக்கு நான் சொல்லவில்லை.

"வளைய வேண்டிய இடத்தில உலோகம், உராயுற இடத்தில பீங்கான், ஆச்சி" என்றேன்.

"அப்ப பொருத்தம் பார்த்துத்தான் சேர்த்திருக்கினம்" என்று சிரித்தார். மறுநாள் கையொப்பம் வைத்தார்.

புதிதாக வந்திருக்கும் உறவுகளே, இந்த வேலையைப் பிள்ளைகளின் தலையில் போடாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வைத்தியசாலையில் கேளுங்கள். எந்தப் பகுதி என்ன பொருள் என்று வைத்தியரிடம் கேளுங்கள். மூட்டின் விபரம் எழுதிய அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் விழுந்தாலோ, மூட்டில் நெரிபடும் சத்தம் கேட்டாலோ, உடனே வைத்தியரிடம் போங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.