தேவசகாயத்தின் வழியும் திருப்பயணியின் மூட்டையும்

காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது என்பது தமிழர் வழங்கும் பழமொழி. கால் நடந்தால் மட்டும் போதாது, கருத்தும் உடன் நடக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள். காசிக்குச் சொன்னது கோட்டாற்றுக்கும் பொருந்தும்.

கேமரன் மலையின் வடபால் அமைந்த கோலா தெர்லாவிலிருந்து ஒரு கத்தோலிக்கக் குடும்பம், புனித தேவசகாயம் வாழ்ந்து மாண்ட இடங்களைக் காணக் குமரி மாவட்டம் புறப்படுவதாகக் கொள்க. ஆறு திங்களுக்கு முன்பே ஆயத்தம் தொடங்கிவிடும். கடப்பிதழ், விசா, வானூர்திச் சீட்டு, குளிருக்குப் பழகிய உடல் நாகர்கோவில் வெயிலைத் தாங்குவதற்குப் பருத்தியாடை, உறவினர்க்குத் தேயிலைப் பொட்டலம், திரும்பும்போது வாங்கிவர வேண்டிய பட்டுப்புடவைகளின் பட்டியல் என ஏற்பாடுகள் நீளும். இவை வேண்டா என்று எவரும் கூறார். ஆயினும் ஆயத்தம் இவற்றோடு முடிந்துவிடுகிறதே, அதுவே பெருங்குறை. எவருடைய அடிச்சுவட்டைத் தேடிச் செல்கின்றனரோ, அவர் ஏன் கொல்லப்பட்டார் என்னும் வினா அந்தப் பெட்டிகளுள் எதிலும் இடம்பெறுவதில்லை.

அவ்வினாவுக்கு விடை அவருடைய வாழ்க்கையிலேயே உள்ளது. 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில் அரண்மனை அலுவலராக விளங்கியவர். 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் அம்மன்னரின் படைக்கே பயிற்சி அளித்த டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு நண்பரானார். செல்வமும் கால்நடையும் இழந்து வருந்திய நீலகண்டனுக்கு டிலனாய் யோபுவின் கதையை எடுத்துரைத்தார் என்பது வழிவழிச் செய்தி. 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, அவர் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார்.

1749இல் அவர் கைதானார். எருக்கம்பூ மாலை சூட்டி, எருமைமேல் ஏற்றி, ஊர் ஊராக இழுத்துச் சென்றனர். புலியூர்க்குறிச்சியில் பாறை நீர் சுரந்தது என்பதும் பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைக்கப்பட்டார் என்பதும் மக்கள் மனத்தில் இன்றும் வாழும் செய்திகள். இறுதியில் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடலின் எச்சங்கள் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. 2012இல் அருளாளர் எனவும், 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் புனிதர் எனவும் உரோமை அவரை அறிவித்தது. துறவியும் குருவும் அல்லாத இந்தியப் பொதுநிலையினர் ஒருவர் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டது அதுவே முதன்முறை.

அரச தண்டனைக்குரிய காரணங்களைப் பற்றி வரலாற்றறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் சாதி வேறுபாடு பாராது மக்களோடு அவர் கலந்து பழகினார், எல்லாரும் சமம் என வற்புறுத்தினார், அதனால் மேல்தட்டினரின் பகையைத் தேடிக்கொண்டார் என்பதைத் திருச்சபையே தன் வரலாற்றுக் குறிப்பில் முன்வைக்கிறது. புனிதர் பட்டத்தின்போது 'பிள்ளை' என்னும் சாதிப் பெயர் நீக்கப்பட்டு, தேவசகாயம் என்னும் பெயர் மட்டுமே வழங்கப்பட்டது. பெயரிலிருந்து உரோமை களைந்ததை நெஞ்சிலிருந்து களையாமல் அவர் கல்லறைமுன் மெழுகுத்திரி ஏற்றுவதால் யாருக்கு என்ன பயன்?

அவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளமே இதற்குச் சான்று பகரும். 1872இல் அங்கு எழுந்த திருக்குடும்ப ஆலயம், இரு சாதியார் தனித்தனியே நின்று வழிபடுமாறு இரு பகுதிகளாகக் கட்டப்பட்டது. நடுவே சுவர்! பலிபீடம் ஒன்று, சுவரால் பிரிந்த மக்கள் இரண்டு. 1910இல்தான் அச்சுவர் இடிக்கப்பட்டது. அதுவும் பூசலின்றி நடைபெறவில்லை. தேவசகாயம் கொலையுண்டு நூற்றாண்டு கடந்த பின்னும் அவருடைய ஞானத்தாயகத்திலேயே அவர் நெஞ்சம் வெல்லவில்லை என்பதன்றோ இதன் பொருள்? திருமுழுக்குத் தொட்டியைத் தேடிச் செல்லும் திருப்பயணி, இடிந்த சுவரின் கதையை அறியாமல் திரும்புவாராயின், அவர் கண்டது பாதி வடக்கன்குளமே.

"திருப்பயணம் பக்திச் செயல், ஆராய்ச்சிக்கு அங்கு என்ன வேலை?" என்று கேட்பார் உளர். எளிய தோட்டத் தொழிலாளியின் நம்பிக்கையை ஏட்டுக் கல்வியால் அளக்கலாகாது என்பதும் அவர்தம் வாதம். நம்பிக்கையை அளக்க வேண்டும் என்று இங்கு எவரும் கேட்கவில்லை. எழுத்தறியாத பாட்டியும் தேவசகாயத்தின் கதையைக் கேட்டு உணரலாம். எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் அவரை அனுப்புவதே அவருக்கு இழைக்கப்படும் அவமதிப்பு. வரலாறு எளியவர்க்கு எட்டாது என்னும் எண்ணமும் ஒருவகைச் சுவரே.

மலேசியத் தோட்டப்புறத்துக்கு இக்கதை அயலானதன்று. கேமரன் மலையில் பெருந்தோட்டத் தேயிலை 1929இல் காலூன்றியது. அந்நாளில் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய கங்காணி தன் ஊராரையும் உறவினரையுமே பெரும்பாலும் அழைத்து வந்தான். ஆகவே ஊரின் மொழியோடும் தெய்வத்தோடும் ஊரின் சாதியும் கப்பலேறியது. திறமற்ற தொழிலாளர் உதவி பெற்று மலாயாவுக்குப் புறப்படுவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. ஆள்வரவு நின்றது, உடன் வந்த சாதி நின்றதா? லயத்தில் ஒரே குழாயில் நீர் பிடித்தவர்கள், ஒரே மலைச்சரிவில் கூடை சுமந்தவர்கள், பிள்ளைக்குப் பெண் பார்க்கும்போது மட்டும் "என்ன ஆட்கள்?" என்று குரல் தாழ்த்திக் கேட்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அவ்வினாவை உதட்டில் வைத்துக்கொண்டு காற்றாடிமலை ஏறுவோர், மலையை ஏறினர் எனலாம். தேவசகாயத்தின் வழியில் ஏறினர் எனல் இயலாது.

இங்கேதான் தமிழாசிரியரின் கடமை தொடங்குகிறது. இது சமயப் பணி, பள்ளிக்கு உரியதன்று என ஒதுங்குதல் தகாது. அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. 1586இல் அவர்தம் அடியார் வரலாறு தமிழில் அச்சாயிற்று. புனிதர் வாழ்க்கையைத் தமிழில் படிப்பது நானூறு ஆண்டைக் கடந்த மரபு. அம்மரபின் உரிமையாளர், தம் தாய்மொழியில் ஒரு பக்கமும் படியாது, வழிகாட்டி ஒப்பிப்பதைக் கேட்டுத் தலையசைத்து வருவது மொழிக்கும் இழுக்கு.

செய்யத்தக்கது அரிதன்று. புறப்படுமுன் சில மாலைகள் ஒதுக்கட்டும். நட்டாலம் முதல் கோட்டாறு வரை உள்ள ஊர்களை மாணவர் நிலப்படத்தில் குறிக்கட்டும். எது ஆவணச் செய்தி, எது மக்கள் வழங்கும் மரபு எனப் பிரித்து எழுதட்டும். பாட்டியர்க்கு அதனைப் பேரப்பிள்ளைகளே படித்துக் காட்டட்டும். ஞானப்பூவின் துயரையும் மறவாது பேசட்டும். இறுதி மாலையில், தம் இல்லத்தில் இன்னும் இடியாத சுவர் யாது என்று ஒவ்வொரு குடும்பமும் தன்னைத்தானே வினவட்டும்.

தேவசகாயத்தின் திருநாள் சனவரி 14. பொங்கலை ஒட்டி வரும் நாள். பழையன கழித்து வீட்டைத் தூய்மை செய்யும் வேளை அது. கழிக்க வேண்டியவற்றுள் முதன்மையானதைக் கோலா தெர்லாவிலேயே கழித்துவிட்டுப் புறப்படுவோர்க்கே குமரிப் பயணம் திருப்பயணம் ஆகும். ஏனையோர்க்கு அது வானூர்திச் சுற்றுலா, அவ்வளவே.