உலகப் பொக்கிஷமும் வறிய தேசங்களும்

உலகம் முழுவதையும் ஒருங்கே வருத்தும் பொருள் நெருக்கடி நேருங்கால், தேசங்கள் ஒன்றுகூடி ஆலோசித்தல் வேண்டுமென்பதை மறுப்பார் இலர். அங்ஙனம் கூடிய சபையில் யாருக்கு எத்துணைக் குரல் உண்டென்பதை ஆராய்வாரோ சிலரே. நாம் ஈண்டு எடுத்துக்கொண்டது அவ்விரண்டாவது விஷயமாம். எண்கள் சில இடையிடையே வரும். வாசகர் அவற்றைக் கண்டு இப்பக்கத்தைப் புரட்டிவிடாதிருப்பாராக.

1929-இல் தொடங்கிய பெருமந்தத்தால் வாணிகம் சிதைந்து, கோடிக்கணக்கானோர் தொழிலிழந்து நின்ற காலத்து, 1933 ஜூன் மாதத்தில் 60-க்கும் மேற்பட்ட தேசங்களின் பிரதிநிதிகள் லண்டன் மாநகரில் கூடினர். நாணயங்களின் மாற்று விகிதத்தை நிலைப்படுத்துவதும், சுங்க வரிகளைக் குறைப்பதுமே அவர் கருத்து. ஜூலை மாதத் தொடக்கத்தில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவர்கள், நாணய விஷயத்தில் தம் தேசத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாதெனச் செய்தி விடுத்தனர். அம்மாதம் முடியுமுன்னரே மாநாடு பயனின்றிக் கலைந்தது.

அத்தவறு மீண்டும் நேரலாகாதென்றே, யுத்தம் முடியுமுன்னர், 1944 ஜூலையில், அமெரிக்காவிலுள்ள பிரெட்டன் வுட்ஸ் என்னுமிடத்தில் 44 தேசத்தார் கூடிச் சர்வதேச நாணய நிதியையும் உலக வங்கியையும் வகுத்தனர். அப்பொழுது இந்தியா சுதந்திரம் பெறாத நாடு. எனினும் அதற்குத் தனி ஆசனம் இருந்தது. அவ்வாசனத்தில் அமர்ந்தோருள் ஸி. டி. தேஷ்முக் அவர்களும், கோயம்புத்தூரைச் சேர்ந்தவரும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவருமான ஆர். கே. ஷண்முகம் செட்டியார் அவர்களும் இருந்தனர் என்பது நம் மாணவர் அறியத்தக்கது.

அவர்கள் கேட்டது யாது? யுத்தத்தின் பொருட்டு இந்தியா அளித்த பண்டங்களுக்குரிய விலையில் பெரும்பகுதி, பிரிட்டனால் உடனே செலுத்தப்படாமல், லண்டனில் ஸ்டெர்லிங் கணக்காகவே எழுதி வைக்கப்பட்டது. இங்கோ, அதற்கீடாக ரூபாய் நோட்டுகள் பெருகின, விலைவாசி ஏறிற்று. யுத்தம் முடிந்தபொழுது அந்நிலுவை 100 கோடிப் பவுனுக்கு மேற்பட்டிருந்தது. அதில் ஒரு பகுதியையேனும் பிற நாணயங்களாக மாற்றிக்கொள்ளப் புதிய நிதி வழிசெய்ய வேண்டுமென்று இந்தியப் பிரதிநிதிகள் கோரினர். அது பிரிட்டனுக்கும் அதற்குக் கடன் கொடுத்தோர்க்கும் இடையேயுள்ள விவகாரமென்று சொல்லி அக்கோரிக்கை ஒதுக்கப்பட்டது. கடன்பட்டவர் வலியரும் கடன் கொடுத்தவர் எளியருமாயின், அக்கடன் 'இருவர் விவகாரம்' ஆகிவிடும் போலும்!

அந்நிதியின் அடிப்படை விதி, பங்குக்கேற்ற வாக்கு என்பது. முக்கியமான தீர்மானங்களுக்கு நூற்றுக்கு 85 வாக்குகள் வேண்டும். அமெரிக்காவின் வாக்கோ ஏறத்தாழ பதினாறரை. ஆகவே அந்த ஒரு தேசம் வேண்டாமென்றால் ஏனையோர் அனைவரும் ஒன்றுபட்டும் பயனில்லை. நிதியின் தலைமை எப்பொழுதும் ஐரோப்பியருக்கும், வங்கியின் தலைமை எப்பொழுதும் அமெரிக்கருக்குமே சென்றுள்ளது. இதற்கு எழுதிய விதி யாதுமில்லை, வழக்கமே விதியாயிற்று.

நெருக்கடி வருங்கால் இதன் விளைவு வெளிப்படும். கொள்ளைநோயால் உலகம் முடங்கியபின், 2021 ஆகஸ்டு மாதத்தில், சிறப்பு எடுப்புரிமை என்னும் ஒருவகைக் கணக்குப்பணத்தை 65,000 கோடி டாலர் அளவுக்கு நாணய நிதி பகிர்ந்தளித்தது. நற்செயலே. ஆனால் பகிர்ந்தது பங்கின் விகிதப்படி. அமெரிக்கா ஒன்றற்கே 11,000 கோடிக்கு மேல் சென்றது. ஆப்பிரிக்கக் கண்டம் முழுமைக்கும் கிடைத்தது ஏறத்தாழ 3,300 கோடி. பஞ்சகாலத்தில் கஞ்சித்தொட்டி வைத்து, அவரவர் நிலத்தின் பரப்புக்கேற்ப அகப்பையால் அளந்து ஊற்றினால் எப்படியிருக்கும்? பண்ணையார் குடம் குடமாக எடுத்துச் செல்வார்; கூலியாளின் கலயம் நனைவதோடு சரி. செல்வ நாடுகள் தமக்கு வந்ததில் ஒரு பகுதியைப் பின்னர் வறிய நாடுகளுக்கு உதவ இசைந்தன. அதுவும் பெரும்பாலும் கடனாகவே.

மறுதரப்பாரின் வாதத்தையும் நாம் மறைக்க விரும்பவில்லை. கடன் வாங்குவோரே பெட்டியின் சாவியையும் வைத்திருப்பின், பணம் இடுவார் யார் என்பர். அதில் உண்மையுண்டு. துன்புறும் நாடுகளின் ஆட்சியாளர் யாவரும் குற்றமற்றவர் என்பதுமன்று. இலங்கை 2019-இல் வரிகளைப் பெரிதும் குறைத்தது. 2021-இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடுத்து நெல் விளைச்சலைக் கெடுத்துக்கொண்டது. இவை வெளியார் செய்த பிழைகளல்ல.

எனினும் பின்னர் நடந்ததைக் கருதுக. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். நாணய நிதியின் ஏறத்தாழ 300 கோடி டாலர் உதவிக்கு இசைவு கிடைத்ததோ 2023 மார்ச்சில். இடைப்பட்ட பதினொரு மாதங்களிற் பெரும்பகுதி, கடன் கொடுத்த அரசுகள் தவணைகளை மாற்றியமைக்க உறுதி கூறவேண்டுமென்று காத்திருந்ததிலேயே கழிந்தது. அவர்களுள் சீனாவும் ஜப்பானும் இந்தியாவும் முக்கியமானோர். இந்தியா 2023 ஜனவரியில் மற்றவர்க்கு முந்தி உறுதி தந்தது. அதற்கு முன்னரே தனியாகப் பெருந்தொகையும் உதவியிருந்தது. இது பாராட்டத்தக்கதே. ஆயினும், கேட்பவரின் பசிக்குக் கெடு உண்டு. விடைகூறுவோர்க்குக் கெடு இல்லை என்னும் முறை எவ்வாறு முறையாகும்?

பங்குகளைத் திருத்தும் முயற்சிகள் நடவாமலில்லை. 2010-இல் இசைந்த திருத்தம், அமெரிக்கக் காங்கிரஸ் சபையின் ஒப்புதலின்றித் தடைப்பட்டு, 2016-இலேதான் அமலுக்கு வந்தது. 2023-இல் பங்குத்தொகையை ஒன்றரை மடங்காக்கத் தீர்மானிக்கப்பட்டதாயினும், விகிதம் அணுவளவும் மாற்றப்படவில்லை. 2024-இல் சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்கு நிர்வாக சபையில் மூன்றாம் ஆசனம் கிடைத்தது. கிடைத்தது ஆசனம், வாக்கன்று.

இந்தியாவின் பங்கு இப்பொழுது நூற்றுக்கு இரண்டே முக்கால். அதை உயர்த்தவேண்டுமென்று நம் அரசினர் வாதிப்பது நியாயமே. ஆனால் நாணய நிதியின் நிர்வாக சபையில் இந்தியா தனக்காக மட்டும் அமரவில்லை. இலங்கை, வங்காளதேசம், பூட்டான் ஆகிய மூன்றுக்கும் சேர்த்தே அமர்கின்றது. கடன் கொடுத்தோருள் ஒருவராயும், கடன் கேட்போரின் வாயாயும் ஒருங்கே இருக்கும் நிலை பிறர் பலர்க்கு வாய்ப்பதன்று. 1944-இல் தன் நியாயமான கோரிக்கை ஒதுக்கப்பட்டதைக் கண்ட தேசம், பங்கை உயர்த்தக் கேட்கும்பொழுதே, நெருக்கடிக் காலப் பகிர்வு தேவையின் அளவினதாக வேண்டுமென்றும், கடன் கொடுத்தோர் விடைகூறக் கெடு விதிக்க வேண்டுமென்றும் சேர்த்துக் கேட்குமா? நம் பிரதிநிதிகளிடம் நாம் வேண்டுவது இதுவே.