கடைக்காரர் வாழ்த்து

பண்டிகை வந்தால் வியாபாரிகள் தங்கள் வாடிக்கைக்காரர்களுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறார்களே, இது மேல்நாட்டாரைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வழக்கம் அல்லவா என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. அட்டையைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது மெய்யே. 1843-ம் வருஷம் லண்டனில் ஹென்றி கோல் என்னும் கனவான், கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்து குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுத நேரமில்லாமல், ஹார்ஸ்லி என்ற சித்திரக்காரரைக் கொண்டு ஒரு படம் வரையச் செய்து, ஆயிரம் அட்டைகள் அச்சிட்டார் என்பார்கள். ஆகவே, வாழ்த்து அட்டை என்பது கடிதம் எழுதாமல் தப்புவதற்காகவே அவதாரம் செய்தது என்று சொன்னால் பிழையாகாது!

அட்டை அந்நியமாயிருக்கலாம், அதன் உட்பொருள் நம்முடையதுதான். கும்பகோணத்தில் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கியவர்களையும் திருபுவனத்தில் கூறைப் புடவை எடுத்தவர்களையும் வெறுங்கையோடு அனுப்பக் கடைக்காரருக்கு மனம் வராது. வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுப்பார். இல்லாவிட்டால் ஒரு மஞ்சள் பையாவது கொடுப்பார். வங்காளத்தார் இதில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். அங்கே வைசாக மாதம் முதல் தேதியன்று வியாபாரிகள் புதுக் கணக்குப் புத்தகம் திறக்கிறார்கள். 'ஹால்காதா' என்று அதற்குப் பெயர். வாடிக்கைக்காரர்களுக்கு அச்சிட்ட அழைப்பு அனுப்பி, வந்தவர்களுக்குத் தித்திப்பு வழங்குவார்கள். வந்தவர்கள் பழைய பாக்கியைத் தீர்ப்பார்கள். தித்திப்பும் பாக்கியும் ஒரே நாளில் கைமாறும். ஒளிவு மறைவு ஒன்றும் கிடையாது.

நம் காவேரிப் பாசனப் பிரதேசத்தில்தான் விஷயம் சற்றுச் சிக்கலானது. இங்கே பொங்கல் வெறும் பண்டிகையன்று. பணம் புழங்கும் பருவத்தின் வாசற்படியும் ஆகும். ஆவணியில் விதைத்த சம்பா, தை பிறக்கும்போது அறுவடைக்கு நிற்கும். உரத்துக்கும் மளிகைக்கும் ஜவுளிக்கும் ஐந்து மாதமாகக் கடைகளில் ஏறிய பற்று, நெல் களத்துக்கு வந்த பிறகுதான் இறங்கும். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, பணம் பாங்குக் கணக்கில் வரும் வரையில் குடியானவர் காத்திருக்க வேண்டும். அந்த வேளையில் உரக் கடையிலிருந்து, "இனிய பொங்கல் வாழ்த்துக்கள்" என்று ஓர் அட்டை வந்தால் அது வாழ்த்தா, வசூல் நோட்டீஸா? பெறுகிறவர் மனத்தில் இந்தச் சந்தேகம் எழாதபடி எழுதத் தெரிந்தவரே நல்ல வியாபாரி என்பது நம்முடைய அபிப்பிராயம்.

இந்தத் தேசத்தில் காலணாத் தபால் கார்டு வந்தது 1879-ல். அதற்கு நூறு வருஷத்துக்குப் பின், 1980-களில், பொங்கல் அட்டைகளின் பொற்காலம். மார்கழி பிறந்ததும் கடை வாசல்களில் கயிறு கட்டி அவற்றைத் தொங்கவிடுவார்கள். பொங்கல் பானை, செங்கரும்பு, சீறும் காளை, வேலாயுதர், சினிமா நட்சத்திரங்கள் எல்லோரும் அக்கயிற்றில் சமரசமாக ஆடிக்கொண்டிருப்பார்கள். வியாபாரிகள் அவற்றைக் கட்டுக் கட்டாக வாங்கி, பின்புறம் ரப்பர் முத்திரை குத்தி அனுப்பினார்கள்.

ஆனால் அட்டையைவிடக் கெட்டிக்கார வாழ்த்து காலண்டர்தான். கோவில்பட்டி ஸ்ரீ சி. கொண்டையராஜு (1898-1976) வரைந்த தெய்வத் திருவுருவங்கள் சிவகாசியில் அச்சாகி, கடைகளின் பெயரைத் தாங்கி வீடு வீடாக வந்தன. வருஷம் முடிந்ததும் தேதித் தாள் குப்பைக்குப் போகும். படமோ கண்ணாடி போட்டுக்கொண்டு பூஜையறைக்குப் போகும். கடையின் பெயரைக் கத்தரித்துவிட்டு மாட்டியவர்களும் உண்டு, அப்படியே மாட்டியவர்களும் உண்டு. மகாலக்ஷ்மியின் பாதத்தடியில் ஒரு ஜவுளிக் கடையின் விலாசம் பல வருஷ காலம் கற்பூர ஆரத்தி பெற்று வந்ததை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். எத்தனை பணம் கொட்டினாலும் இதைவிட மேலான விளம்பரம் கிடைக்குமா?

இப்போது வாழ்த்தெல்லாம் செல்போனில் வந்துவிடுகிறது. தபால் செலவு மிச்சம். ஒரு பொத்தானை அழுத்தினால் பத்தாயிரம் பேருக்குப் போய்விடும். போகட்டும், ஆனால் யாருக்குப் போகிறது என்று அழுத்தியவருக்குத் தெரியாதே! புரட்டாசியில் காலமான பெரியவருக்குத் தை முதல் தேதியன்று "அன்புள்ள வாடிக்கையாளரே" என்று வாழ்த்து வருகிறது. கூடவே பத்துச் சதவிகிதத் தள்ளுபடியும் வருகிறது. துக்கம் நேர்ந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை இல்லை என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். பேரேட்டைப் பார்த்துக் கையால் விலாசம் எழுதிய பழைய கணக்குப்பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. அந்த வீட்டுக்கு அவர் அட்டை அனுப்ப மாட்டார். முதலாளியை நேரில் போய்விட்டு வரச் சொல்வார். அந்த ஞாபகம்தான் வாழ்த்தின் உயிர். எழுத்து அச்சிலிருந்தாலென்ன, கண்ணாடித் திரையிலிருந்தாலென்ன?

ஊரே துக்க வீடாகிவிடும் வருஷங்களும் உண்டு. 2016-ல் மேட்டூர் அணை செப்டம்பர் 20-ந் தேதிதான் திறந்தது. அதன் பின் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரி 10-ந் தேதி, பொங்கலுக்கு நாலு நாள் முன்னால், தமிழ்நாடு முழுவதும் வறட்சிப் பிரதேசமென்று அரசாங்கம் அறிவித்தது. 2018 நவம்பர் 16-ல் வீசிய கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. அடுத்து வந்த தைக்கு அங்கே எந்தப் பானையில் என்ன பொங்கியிருக்கும்?

அம்மாதிரி வருஷத்தில் பானை பொங்கி வழியும் படத்தை அனுப்புவது பரிகாசம். ஒன்றுமே அனுப்பாமலிருப்பது அதைவிட மோசம். நல்ல விளைச்சலில் நினைவுக்கு வந்த வாடிக்கைக்காரர் பஞ்சத்தில் மறந்து போனால், அவர் அதைத் தம் ஆயுள் உள்ளளவும் மறக்க மாட்டார். அப்போது இரண்டு வரி போதும்: "தங்கள் க்ஷேமத்துக்குக் கடிதம் எழுதவும். பாக்கியைப் புரட்டாசியில், குறுவை அறுத்தபின் பார்த்துக்கொள்ளலாம்." மொத்த வியாபாரிக்குத் தாம் கட்டவேண்டியது நிற்குமே என்று கடைக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். கடனைத் தள்ளும்படி நாம் சொல்லவில்லை. தவணையைத் தாமாகவே முன்வந்து சொல்லும்படிதான் சொல்கிறோம். எப்படியும் தை மாதத்தில் வராத பணம் அது. வராத பணத்துக்காக மனிதரையும் இழப்பானேன்?

அட்டைதான் அனுப்புவேன் என்று இன்னும் பிடிவாதமாயிருக்கும் வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. விலைப் பட்டியலை அதில் சேர்க்க வேண்டாம். பெறுகிறவர் பெயரையாவது பேனாவினால் எழுதுங்கள். மார்கழி இருபதாந் தேதிக்குள் தபாலில் போட்டுவிடுங்கள். தாமதித்தால் கிராமத்துக்குப் போய்ச் சேருவதற்குள் காணும் பொங்கலும் கழிந்து, வாசலில் கரும்புச் சக்கைதான் கிடக்கும். அதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டவேண்டிய பேரப் பிள்ளைகள் பட்டணத்துக்கு ரயிலேறியிருப்பார்கள்.