வென்ற குழுவும் தோற்ற பள்ளியும்



புறப்பாடப் போட்டிகள் முடிந்ததும் நம் பள்ளி வட்டாரத்தில் ஒரு கேள்வி தவறாமல் எழும். “எத்தனை கேடயம் கிடைத்தது?” 2021ஆம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டது. அதுவரை ‘ஏ’க்களை எண்ணிக்கொண்டிருந்த விரல்கள் இப்போது கேடயங்களை எண்ணுகின்றன. விளையாட்டு வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஓடியாடாத பிள்ளை பாடத்திலும் சோர்ந்து போகும் என்பதை நாம் அறிவோம். ஆயினும், வெற்றியைக் கொண்டு ஒரு பள்ளியை அளக்கலாமா? இவ்வினாவிற்கு அமெரிக்கப் பள்ளி ஒன்றின் வரலாறு நல்லதொரு விடை தருகிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்னும் ஊர் உள்ளது. அங்கே 1879ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற இராணுவ அதிகாரி, பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக ஓர் உறைவிடத் தொழிற்பள்ளியைத் தொடங்கினார். 1918இல் மூடப்படும் வரை, 140க்கும் மேற்பட்ட பழங்குடிகளைச் சேர்ந்த சுமார் 7,800 பிள்ளைகள் அங்குக் கொண்டுவரப்பட்டனர்.

அப்பள்ளியின் காற்பந்துக் குழு நாடறிந்தது. இங்கே காற்பந்து என்பது நாம் ஆடும் ஆட்டமன்று; முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் காற்பந்து. கிளென் வார்னர் என்பவர் பயிற்றுநர். 1911இல் இக்குழு புகழ்பெற்ற ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தை 18-15 என்று வென்றது. அடுத்த ஆண்டுப் பருவம் அதனினும் சிறந்தது. 1912இல் ஆடிய 14 ஆட்டங்களில் 12 வெற்றி, ஒரு சமநிலை, ஒரே ஒரு தோல்வி.

அப்பருவத்தின் சிகரம் நவம்பர் 9ஆம் நாள் நடந்த ஆட்டம். வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கழகத்தை அதன் சொந்தத் திடலிலேயே 27-6 என்று கார்லைல் குழு வீழ்த்தியது. தோற்ற அணியில் ஆடியவர்களுள் ஒருவர், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசனோவர். உண்டட் நீ என்னுமிடத்தில் அமெரிக்க இராணுவம் பூர்வகுடி மக்களைக் கொன்று குவித்தது 1890இல். அதற்கு 22 ஆண்டுகளுக்குப் பின், நாளைய இராணுவ அதிகாரிகளைப் பூர்வகுடி இளைஞர்கள் நேர்மையான ஆட்டத்தில் வென்றனர். அந்தப் பெருமிதத்தை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை, அவர்களே ஈட்டினார்கள்.

குழுவின் நாயகர் ஜிம் தோர்ப். அதே 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து அம்சப் போட்டியிலும் பத்து அம்சப் போட்டியிலும் தங்கம் வென்றவர். முன்பு பணம் பெற்றுப் பேஸ்பால் ஆடினார் என்று கூறி 1913இல் அவருடைய வெற்றிகள் பறிக்கப்பட்டன. அவர் 1953இல் மறைந்தார். 2022இல்தான் அவ்விரு போட்டிகளின் ஒரே வெற்றியாளர் அவர் என்று முழுமையாக ஏற்கப்பட்டது.

சரி, இத்தகைய குழுவைத் தந்த பள்ளி நல்ல பள்ளிதானே என்று கேட்கத் தோன்றும். அங்குப் பிள்ளைகளுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். வந்தவுடன் முடி வெட்டப்பட்டது. பெற்றோர் இட்ட பெயர் நீக்கப்பட்டுப் புதுப் பெயர் சூட்டப்பட்டது. தாய்மொழியில் பேசுவது தடைசெய்யப்பட்டது, மீறியவர்கள் தண்டிக்கப்பட்டனர். பிள்ளைக்குள் இருக்கும் பூர்வகுடியை அழித்தால்தான் மனிதன் மிஞ்சுவான் என்பதே நிறுவனரின் கொள்கை. நோயுற்று மாண்ட பிள்ளைகள் பலர். அப்பள்ளிக் கல்லறையில் 180க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டனர். 2017 முதல்தான் அவர்களுள் சிலரின் எச்சங்கள் தத்தம் இனத்தாரிடம் திரும்பச் சென்று சேர்கின்றன.

இதைவிட என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. 1914இல் அப்பள்ளியைக் குறித்து அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்தியது. விசாரணை வேண்டி மாணவர்களிடம் கையொப்பம் திரட்டியவர் கஸ் வெல்ச். அவர் யார் தெரியுமா? 1912இல் அந்த வெற்றிக் குழுவில் ஆட்டத்தை முன்னின்று நடத்தியவர். பயிற்றுநரின் கடுஞ்சொற்களைப் பற்றியும், விளையாட்டு நிதி கையாளப்பட்ட விதத்தைப் பற்றியும் ஆட்டக்காரர்களே சாட்சியம் கூறினர். பள்ளித் தலைவர் பதவியிழந்தார். பயிற்றுநர் அப்பருவத்தோடு வேறு பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். திடலில் கைதட்டியவர்களுக்குத் தெரியாதது, ஆடியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2024ஆம் ஆண்டு அக்டோபரில், இத்தகைய உறைவிடப் பள்ளிகளுக்காக அதிபர் பைடன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அந்த 12 வெற்றிகளால் அம்மன்னிப்பின் தேவையை நீக்க முடியவில்லை.

நம் தமிழ்ப்பள்ளிகளைக் கார்லைலோடு ஒப்பிடுவது பொருந்தாது. அது தாய்மொழியை அழிக்க எழுந்த பள்ளி. நம்முடையவை தாய்மொழியைக் காக்க எழுந்தவை. அதனாலேயே நம் அளவுகோல் வேறாக இருக்க வேண்டும் என்கிறேன். ஒரு குழுவில் 11 பேர் ஆடுவார்கள். மற்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதுதான் பள்ளியின் உண்மையான மதிப்பெண்.

எனவே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேடயங்களின் எண்ணிக்கையோடு இவற்றையும் கேளுங்கள். இவ்வாண்டு திடலில் இறங்கிய பிள்ளைகள் எத்தனை பேர்? ஒரு முறையேனும் ஆடும் வாய்ப்புக் கிட்டாதவர்கள் எத்தனை பேர்? ஆறாம் ஆண்டு முடித்து வெளியேறும் பிள்ளைகளுள் ஒரு தமிழ்க்கதையைத் தடுமாறாமல் படிப்பவர்கள் எத்தனை பேர்? பயிற்சியில் நடப்பதை வீட்டில் அச்சமின்றிச் சொல்ல உங்கள் பிள்ளையால் முடிகிறதா?

ஆசிரியர்களாகிய நாமும் இவற்றுக்கு விடை வைத்திருக்க வேண்டும். கேடயத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம். பிள்ளைகளை அவ்வாறு வைக்க இயலாது. அவர்கள் வளர்ந்து, நம்மைப் பற்றி ஒரு நாள் சாட்சியம் சொல்வார்கள்.

சிந்திப்போம்.