வாழத்தான் லாயக்கில்லை, வசூலுக்கு உண்டு!

ஆசிரியர் அவர்களுக்கு,

தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, பல வருடங்களுக்குப் பிறகு தனுஷ்கோடிக்குப் போனேன். முன்பெல்லாம் மணலில் குலுங்கும் வேனில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இப்போது கடைசி முனையான அரிச்சல்முனை வரை வழவழப்பான சாலை. அந்தச் சாலை யாரை எதற்குக் கொண்டுவந்து சேர்க்கிறது என்று பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இடிந்த தேவாலயத்தில், பலிபீடம் இருந்த மேடையில் ஒரு மணப்பெண்ணை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண வயசு, எடுத்துவிட்டுப் போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். மாப்பிள்ளை ஜன்னல் வளைவின் மேல் ஏறினார். பவளக்கல் ஒன்று பெயர்ந்து பொத்தென்று மணலில் விழுந்தது. கூட்டம் சிரித்தது. கேமராக்காரர், "சூப்பர் தம்பி, அதே மாதிரி இன்னொரு தடவை" என்றார். புயலுக்குத் தப்பிய சுவர் அது! அதில் ஆணியால் கீறிய பெயர்கள், இதயங்கள், செல்போன் எண்கள் வேறு. வண்டிக்குக் காசு வசூலித்துக்கொண்டிருந்த இளைஞரிடம் போய் முறையிட்டேன். "அது நம்ம வேலை இல்ல சார். நீங்க ரசீது வாங்கிட்டீங்களா?" என்றார்.

வாங்கிவிட்டேன் ஐயா. ரசீது மட்டும் பத்திரமாக இருக்கிறது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் அந்த ஊருக்கு என்ன நேர்ந்தது என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு பாம்பன் பாசஞ்சர் ரயில் கடலுக்குள் போனது. தலைமன்னாருக்குக் கப்பல் ஏற போட் மெயில் ரயிலில் ஜனம் வந்து இறங்கிய துறைமுகம், காசிக்குப் போய் வந்தவர்கள் சேதுவில் முழுகி யாத்திரையை முடித்த ஊர், ஒரே இரவில் மணல்மேடானது. உடைந்த பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் நிமிர்த்திக் காட்டினார். ஊரை என்ன செய்தார்கள்? மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்துவிட்டுக் கோப்பை மூடினார்கள். தமிழக அரசு முத்திரையில் இருப்பது எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்று பெருமை பேசுகிறவர்கள் நாங்கள். இப்படிப்பட்ட உத்தரவுகளின் தலையிலும் அந்தக் கோபுரம்தானே நிற்கிறது என்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சரி, வாழத் தகுதியில்லை. பிறகு 2017இல் எதற்குச் சாலை? 2019 மார்ச்சில் எதற்கு ரயில் பாதைக்கு அடிக்கல்? பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் கூட்டத்துக்கு மட்டும் அந்த மணல் பத்திரமான இடமாகிவிடுமா? பகலெல்லாம் திருவிழா, பொழுது சாய்ந்ததும் எல்லோரையும் வெளியே விரட்டு: இதற்குப் பெயர் சுற்றுலா வளர்ச்சியாம்.

உத்தரவை மீறியோ மறந்தோ அங்கேயே குடிசை போட்டு வாழும் மீனவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. மணலைத் தோண்டி ஊற்றெடுத்துக் குடிக்கிற ஜனங்கள். சங்கு மாலை விற்ற ஒரு அம்மாவிடம் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். "எங்களை இருக்கப்படாதுங்குறாக. வாரவுகளை மட்டும் வாங்க வாங்கங்குறாக" என்றார். இதைவிடச் சுருக்கமாக எந்த அதிகாரியும் இந்தக் கொள்கையை விளக்க முடியாது.

"அங்கே மறுபடி ஊர் கட்டினால் அடுத்த புயல் அடித்துக்கொண்டு போகும்" என்பார்கள். யார் கட்டச் சொன்னது? இருக்கிற சுவரை இடிக்காமல் இருங்கள் என்கிறேன். "கூட்டம் வந்தால்தானே உள்ளூர்க்காரர்களுக்கு வருமானம்" என்பார்கள். அந்த அம்மாவின் மாலைகளை யாரும் கையில்கூட எடுத்துப் பார்க்கவில்லை. மீன் வறுவல் கடையில்தான் கூட்டம். "உப்புக்காற்றில் எப்படியும் உதிரத்தானே போகிறது" என்று கூட வந்த என் மைத்துனரே சொன்னார். வீட்டுக் கிழவர்களைப் பற்றியும் இதையே சொல்வாரா என்று கேட்டேன். வழி நெடுகப் பேசவில்லை.

முடியாத காரியமும் இல்லை. சுனாமி அடித்த தரங்கம்பாடியில் பழைய வீடுகளையும் டேனிஷ் ஆளுநர் மாளிகையையும் பொறுமையாகப் பழுதுபார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே டென்மார்க்காரர்களும் அக்கறையாகக் கைகொடுத்தார்கள். தனுஷ்கோடிக்கும் ஏதாவது ஒரு வெளிநாட்டுக்காரன் வந்து அழுதால்தான் நம் அதிகாரிகளுக்குக் கண் தெரியும் போலிருக்கிறது. எங்கள் பக்கத்தில் கண்மாய்க் கரை உடைந்தால் பார்வையிட வருகிற ஜீப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்திருக்கிறேன். கரையை அடைக்க வருகிற மண் மூட்டைகளைவிட அதிகம். கடற்கரையில் மட்டும் வேறு மாதிரி நடக்கும் என்று எதிர்பார்த்தது என் பேராசைதான்.

புதிய பாம்பன் பாலமும் 2025 ஏப்ரலில் திறந்தாயிற்று. கோடை விடுமுறை வந்தால் கூட்டம் இன்னும் மொய்க்கும். அதிகாரிகளே, அதற்குள் அந்தத் தேவாலயத்தைச் சுற்றி ஒரு வேலியும், காலையிலிருந்து மாலை வரை ஒரு காவலாளியும் போடுங்கள். குடிசைகளுக்கு ஒரு தண்ணீர் லாரி அனுப்புங்கள். நிதி இல்லை என்ற பதில் வேண்டாம். வண்டிக் கட்டண ரசீது என் சட்டைப்பையில் இருக்கிறது. அன்று எனக்குப் பின்னால் நின்ற வண்டி வரிசையையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
கிருஷ்ணன்கோவில்.