மந்திரவாதியும் ஒடியனும்

ஆரியசாலைக் கடைத்தெருவில் பாலக்காட்டுப் பெரியவர் ஒருவர் ஒடியன் கதை சொன்னார். இரவில் எருதாக உருமாறி வழிமறிப்பவன். பறையர் அல்லது பாணர் குலத்தவன். பிடிபட்டால்? அடித்துக் கொல்வார்கள் என்றார், கதை சொன்ன அதே குரலில்.

கொட்டாரத்தில் சங்குண்ணியின் ஐதீகமாலையிலோ சூரியகாலடிப் பட்டதிரியும் கடமற்றத்துக் கத்தனாரும் மந்திரவாதிகள், கதைத்தலைவர்கள். வித்தை ஒன்றே, பெயரைச் சாதி பிரித்துக் கொடுத்தது.

ஜார்க்கண்டில் இன்று அதைச் செய்வன பாலும் நிலமும். சூனியத்தைக் கண்டறியும் ஆண், ஓஜா, மதிப்புக்குரியவர். அவர் சுட்டும் பெண், டாயின். பல வழக்குகளில் அவள் கணவனை இழந்தவள். வாழ்நாள் உரிமையாகச் சிறிது நிலம் வைத்திருப்பவள். அவளை விரட்டியபின் அந்நிலம் எந்தப் பங்காளியிடம் சேர்கிறது என்று பார்த்தால் ஓஜாவின் கணிப்பு விளங்கிவிடும்.

1999இல் பீகாரும் 2001இல் ஜார்க்கண்டும் இயற்றிய சட்டங்கள், ஒருவரை டாயின் என்று சுட்டுவதையே குற்றமாக்கின. பெயரிடல் வெறும் விவரணையன்று, செயல் என்பதை மொழியியல் படித்த என்னைப் போன்றோர் வகுப்பில் கற்றோம். சட்டம் அதைத் தானே கண்டுகொண்டது. ஆயினும் ஜார்க்கண்டில் அக்குற்றத்துக்கு உச்ச தண்டனை மூன்று மாதச் சிறையும் 1,000 ரூபாய் அபராதமும்தான். நிலத்தின் விலையோடு ஒப்பிட்டால் மலிவு. கேரளத்தில் அத்தகைய சட்டமும் இல்லை. ஒடியனை நாம் இன்னும் நாட்டார் கதையாகவே பாடம் நடத்துகிறோம்.